மஞ்சள் டேக் கட்டிய விடைத்தாள்

பூஜ்யத்துக்குக் கீழேயும் மதிப்பெண் உண்டு என்பதை நான் ஒன்பதாம் வகுப்பில், ஒரு மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் பக்கம் ஒரு இரண்டு மாடிக் கட்டடம். கீழே இனிப்புக் கடை, மேலே இரண்டு மாடியும் எங்கள் நீட் கோச்சிங் சென்டர். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் மைசூர்பாகுக்கு நெய் காய்கிற வாசனை எங்களுக்கு முன்பே படியேறிப் போய் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அன்று அந்தப் படித் திருப்பத்தில் இருந்த பலகையில் எங்கள் முதல் தேர்வின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள்.

பட்டியலை மேலிருந்து படித்தேன். பள்ளியில் எனக்கு அதுதான் பழக்கம். முதல் மூன்று பெயருக்குக் கீழே கண்ணை இறக்க வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. இங்கே பத்துப் பெயர் தாண்டியது, இருபது தாண்டியது, ஐம்பதும் தாண்டியது. கடைசியில் நின்ற பெயர் என்னுடையது. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டிப் பதினைந்து.

"இன்னாடி மலரு, உன் மார்க்குக்கு முன்னால மட்டும் கோடு போட்டுக்கீறாங்க?" என்றாள் பவானி. திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின் தெரு அவளுக்கு. அவளுடைய அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். நானும் அவளும்தான் ஒன்றாக ரயிலேறி ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்த அம்பத்தூருக்கு வருவோம்.

"கோடு இல்லடி. மைனஸ்."

பவானி பட்டியலை இன்னொரு முறை பார்த்தாள். "அப்போ பரீட்சைக்கே வராம ஊட்ல குந்திகினு டிவி பார்த்தவ, உன்னிய விட பதினஞ்சு மார்க்கு ஜாஸ்தியா?"

ஆமாம். கணக்கு அப்படித்தான் வந்தது.

ஒரு கடிதத்துக்குப் பதில்

போன வாரம் இந்தத் தொடரில், பிரசவ வார்டில் என் முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாளாம். "இப்போதே நீட் வகுப்பில் சேர்த்துவிடலாமா, டாக்டரம்மா?" என்று கேட்கிறார்.

அந்தத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பேசட்டும். எனக்குத் தெரிந்த பதில் சின்னது. உங்கள் மகள் கேட்டால் சேருங்கள். நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்றால், நீங்களே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரெல்லாம் கறிக்குழம்பு கொதிக்கும்போது, நீங்கள் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று எண்ணிக்கொண்டு உட்காருங்கள். அப்போது புரியும்.

எங்கள் வீட்டில் கேட்டது நான்தான். சேவை, லட்சியம் என்று நேர்காணலில் சொல்கிற காரணமெல்லாம் பிறகு வந்தவை. உண்மைக் காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன். என் அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பால்காரரிலிருந்து பள்ளித் தலைமையாசிரியர் வரை யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டார். அப்படிப்பட்ட அம்மா, ஸ்டேஷன் ரோட்டு கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா முன்னால் மட்டும் வாயைத் திறக்காமல், தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் அம்மாவைப் பேசாமல் உட்காரவைக்கக்கூடிய ஒரே வேலை உலகில் இதுதான் என்று எனக்கு ஏழாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

திருத்துகிறவர்கள் இருவர்

அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வந்து விழும் பீஸ்களை அளந்து பார்ப்பதுதான் வேலை. சரியாக இருந்தால் பச்சை டேக், சரியில்லை என்றால் சிவப்பு டேக். சந்தேகமாக இருந்தால் மஞ்சள். அதில் 'ஹோல்ட்', அதாவது நிறுத்தி வை, என்று அச்சடித்திருக்கும். காரணம் எழுதவும் கையெழுத்துப் போடவும் இரண்டு கோடு இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் அந்த டேக்குகள் நாலைந்து மடங்கிக் கிடக்கும். துவைக்கும்போது அம்மா திட்டுவார்.

அம்மாவும் திருத்துகிறவர்தான், ஆனால் வேறு ஜாதித் திருத்தம். பிள்ளை என்ன எழுதியிருந்தாலும் அதில் ஒரு அரை மார்க்காவது தேறுமா என்று தோண்டிப் பார்ப்பார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. "எழுதாத எடத்துல எந்த டீச்சரும் மார்க் போட முடியாது. தெரியலையா, கேள்வியையாவது திருப்பி எழுதிட்டு வா" என்பார். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வரும்.

"ஏ மலரு, எல்லாத்தையும் அட்டெண்ட் பண்ணியா?"

ஒன்பது வருடமும் ஒரே பதில்தான் சொல்லியிருந்தேன். "பண்ணிட்டேம்மா."

அந்த முதல் சென்டர் தேர்விலும் அப்படியே. அறுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டம், சரியானதைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். சரியென்றால் நான்கு மதிப்பெண், தப்பென்றால் ஒன்று கழிப்பார்கள். கழிப்பார்கள் என்று சொன்னது காதில் விழுந்தது. ஆனால் வெறும் வட்டத்தைப் பார்த்ததும் கை தானாகப் போனது. அறுபதையும் நிரப்பினேன். ஒன்பது சரி, ஐம்பத்தொன்று தப்பு. கண்ணை மூடிக்கொண்டு குத்தியிருந்தால்கூட இன்னும் ஐந்தாறு தேறியிருக்கும்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கஷ்டப்பட்டு எழுதின பிள்ளைகிட்ட இருந்து மார்க்கைப் புடுங்குவாங்களா? இது என்ன பரீட்சை?" என்று சென்டருக்குப் பேசப் போனை எடுத்துவிட்டார். நான் கெஞ்சி வாங்கி வைத்தேன்.

அப்பா மட்டும் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார். "வருஷக் கடைசிப் பரீட்சையில ஏ பேட்ச் வந்துட்டன்னா தொடரலாம். வரலைன்னா ஞாயித்துக்கிழமை வீட்டுல இரு. பத்தாவது பப்ளிக் எக்ஸாமை மட்டும் பார்த்துக்கோ. சரியா?"

நன்றாக எழுதுகிறவர்களுக்கான ஏ பேட்சுக்கு இருநூற்று நாற்பதுக்கு நூற்றைம்பது எடுக்க வேண்டும். நான் மைனஸ் பதினைந்தில் நின்றுகொண்டு, "சரிப்பா" என்றேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது நினைத்தால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு கை குலுக்கத் தோன்றுகிறது.

கையைத் தொடைக்குக் கீழே வைத்தல்

விடுவதற்குப் பழகுவது படிப்பதைவிடக் கஷ்டம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பவானிக்கு அது இயல்பாக வந்தது. முதல் தேர்வில் பத்துக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி, எட்டு சரியாகி, முப்பது மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

"தெர்லன்னா உட்டுட்டுப் போய்க்கினே இரு. எல்லாத்துக்கும் பதில் சொல்றதுக்கு நீ இன்னா எலெக்ஷன்ல நிக்கிறியா?" என்றாள் ரயிலில்.

தெரியாத கேள்வி வந்தால் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொள்வேன். பத்து வினாடி. பிறகு அடுத்த கேள்விக்குப் போவேன். வெள்ளையாகக் கிடக்கும் வட்டம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவின் டேக்கைப் பார்த்து எனக்கே ஒரு வழி தோன்றியது. சந்தேகமான கேள்வியின் எண்ணைக் கேள்வித்தாளில் சுழித்து 'ஹோ' என்று எழுதிவிடுவேன். விட்டுவிடவில்லை, மஞ்சள் டேக் போட்டு ஓரமாக வைத்திருக்கிறேன் என்று மனசுக்குச் சொல்லிக்கொள்வேன். மனசு நம்பியது.

அடுத்த தேர்வில் பன்னிரண்டு. கூட்டல் பன்னிரண்டு. அன்றைக்குப் பவானி கீழே இனிப்புக் கடையில் ஒரே ஒரு மைசூர்பாகு வாங்கிப் பாதி கொடுத்தாள். பிறகு நாற்பது, எழுபத்தாறு. பொங்கல் கழிந்து நடந்த தேர்வில் நூற்று முப்பத்தொன்று. ஞாயிறு காலையில், நான் ஸ்டேஷனுக்குப் போகிற சைக்கிளுக்கு அப்பா காற்று அடித்து வைக்க ஆரம்பித்தார்.

நாற்பதாவது வட்டம்

கடைசித் தேர்வு வெயில் ஏறிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மின்விசிறி சத்தம்தான் அதிகம், காற்று இல்லை. விடைத்தாளில் மூன்று நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் இருபது வரிசை வட்டங்கள். முதல் நெடுவரிசையை முடித்தபோதே நன்றாகப் போகிறது என்று தெரிந்தது. இருபத்துமூன்றாம் கேள்வி சந்தேகம். சுழித்து 'ஹோ' போட்டேன். இருபத்துநான்கு தெரியும், இருபத்தைந்து தெரியும், அதற்கு மேல் எல்லாமே தெரிந்தது. மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனேன். நாற்பதாம் கேள்வியையும் முடித்துவிட்டு அடுத்த நெடுவரிசைக்குக் கண்ணைத் தூக்கினேன்.

இரண்டாவது நெடுவரிசையின் அடியில் ஒரு வரிசை வெள்ளையாக இருந்தது.

நாற்பதாம் கேள்விக்குப் பதில் எழுதியாகிவிட்டது. ஆனால் நாற்பதாம் வரிசை காலி. மேலே போய்ப் பார்த்தேன். இருபத்துநான்கின் பதில் இருபத்துமூன்றாம் வரிசையில் இருந்தது. இருபத்தைந்தின் பதில் இருபத்துநான்கில். அங்கிருந்து பதினேழு பதில்கள், ஒவ்வொன்றும் ஒரு வரி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

காலியாக விடவே தெரியாத வீட்டில் வளர்ந்தவள் நான். விட்டால் அந்த வரியை விடைத்தாளிலும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு எப்போதோ பழகியிருக்கும். எனக்கு அது எண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலையாகவே இருந்தது; அன்று வேகத்தில் பார்க்க மறந்தேன். என் கை, அடுத்த காலி வட்டம் எதுவோ அதை நிரப்பிக்கொண்டு போயிருந்தது.

"வேற ஷீட் தருவீங்களா மிஸ்?" என்றேன், தேர்வைக் கண்காணித்த ஆசிரியையிடம்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா."

கறுப்புப் பேனா, அழிக்க முடியாது. அழுகை வந்தது. அழுதால் தாள் நனையும் என்று நிறுத்திக்கொண்டேன். நாற்பதாம் வரிசையில் நாற்பதாம் கேள்வியின் பதிலை ஒழுங்காக நிரப்பினேன். அது ஒன்றாவது அதன் வீட்டில் இருக்கட்டும். பிறகு கடைசி நெடுவரிசையை எண்ணுக்கு எண் விரல் வைத்து முடித்தேன்.

வீட்டில் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வந்தது. "எல்லாத்தையும் அட்டெண்ட் பண்ணியா?"

"இல்லம்மா. பதிமூணு விட்டுட்டேன். விட்டதெல்லாம் சரியாத்தான் விட்டேன். எழுதினதைத்தான் தப்பான எடத்துல எழுதிட்டேன்."

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. டாக்டரம்மா முன்னால் உட்காருவது போல் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். என் ஆசை நிறைவேறியது. ஆனால் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை.

நூற்று இரண்டு

புதன்கிழமை பட்டியல் வந்தது. நூற்று இரண்டு. பி பேட்ச்.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து நேராக வந்து, சென்டர் வாசலில் என்னோடு சேர்ந்துகொண்டார். கையில் கேள்வித்தாளும் விடைத்தாளின் கார்பன் நகலும் வைத்துக்கொண்டு, நான் இன்சார்ஜ் சாரிடம் போனேன். அப்பா கதவோரம் நின்றார்.

"சார், இந்தப் பதினேழும் எனக்குத் தெரியும். கேள்வித்தாள்ல சரியா டிக் பண்ணியிருக்கேன், பாருங்க. ஷீட்ல ஒரு வரி மாறிப்போச்சு."

அவர் நல்ல மனிதர்தான். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "புரியுதும்மா. ஆனா மெஷினுக்குப் புரியாதே. இதுவே நிஜமான பரீட்சையா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நிஜமான பரீட்சை இல்லையே சார். இந்தத் தப்பையெல்லாம் இப்பவே பண்ணித் தீர்த்துடலாம்னுதானே ஒம்பதாவதுலயே வந்தேன்?"

சார் சிரித்தார். ஆனால் பட்டியலைத் திருத்தவில்லை. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணும்மா. அடுத்த வருஷம் பி பேட்ச்ல சேர்ந்து, அங்கிருந்து ஏறி வா" என்றார்.

அடுத்த வருஷம் என்பது அவர் கையில் இல்லை. அது கதவோரம் நின்றுகொண்டிருந்தது.

அப்பாவின் பைக்கில் சி.டி.எச். ரோடு வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. பவானி இனி தனியாக ரயிலேறுவாள். எனக்கு இது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பது அந்த வண்டியில் வைத்துத்தான் முழுசாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முகம்கூடக் கழுவாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். "தாளைக் கொண்டா" என்றார். என் ஸ்கேலை வாங்கி நகலின் மேல் வைத்தார். ஒரு பக்கம் கேள்வித்தாள், ஒரு பக்கம் நகல், நடுவில் சென்டர் கொடுத்த விடைப் பட்டியல். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் அவர் வேலை. இருபத்துநான்கில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஸ்கேலை நகர்த்திப் பார்த்தார்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது.

"பதினேழும் ஒரே ஒரு வரிதான் நகர்ந்திருக்கு" என்றார் கடைசியில். "ஒண்ணுகூட ரெண்டு வரி போகல."

"ஆமாப்பா. அதைத்தானே சொன்னேன்."

"நீ சொன்னது வேற. நான் பார்த்தது வேற." நகலைத் தட்டினார். "ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு விதமா தப்பா வந்தா, ஆளுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம். எல்லாம் ஒரே அளவு தள்ளி வந்தா செட்டிங்தான் தப்பு. செட்டிங்கை மாத்துவோம். அதுக்காக மெஷினைத் தூக்கி வெளிய போட மாட்டோம்."

"அப்போ எவ்வளவு மார்க்குங்க வந்திருக்கணும்?" என்றார் அம்மா.

"நூத்தி அம்பத்தி மூணு."

நூற்றைம்பதுதான் கோடு.

அப்பா சட்டைப் பையைத் துழாவினார். சிவப்பா, பச்சையா என்று கையையே பார்த்தேன். மஞ்சள் டேக் ஒன்றை எடுத்து நீவினார். 'காரணம்' என்ற இடத்தில் எழுதினார்: செட்டிங். ஒரு வரி மேலே. நகலின் மூலையில் ஓட்டை போட்டு, டேக்கின் கம்பியை நுழைத்து முறுக்கினார்.

"பச்சை இல்லையாப்பா?"

"நூத்தி ரெண்டுக்கு எப்படிப் பச்சை போடுறது?" என்றார். "ஹோல்ட். ஞாயித்துக்கிழமை போ."

பின்பக்கம்

பத்தாம் வகுப்பு முடியும்போது ஏ பேட்ச் வந்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதல் முறையிலேயே இடம் கிடைத்தது. நீட் எழுதிய மூன்று மணி நேரமும் இடது கை ஆள்காட்டி விரலை வரிசை எண்ணின் மேலேயே வைத்திருந்தேன். விரல் நுனி மரத்துப்போனது. பவானி இரண்டு முறை எழுதினாள். இடம் வரவில்லை. இப்போது ஆவடிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். என் நோயாளிகளின் படத்தில் சந்தேகம் வந்தால் நான் அவளுக்குத்தான் அனுப்புகிறேன். இன்றும் தெரியாததைத் தெரியாது என்று சட்டெனச் சொல்வதில் அவளை மிஞ்ச என்னால் முடியவில்லை.

இடம் கிடைத்த அன்று அப்பாவிடம் கேட்டேன். "இப்பவாவது மஞ்சளை எடுத்துட்டுப் பச்சை கட்டுங்கப்பா."

"டாக்டர் ஆகட்டும்" என்றார்.

சென்ற மாதம் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தேன். மறுபடி கேட்டேன்.

"பி.ஜி. முடியட்டும்" என்றார்.

இந்த வாரம் இந்த அத்தியாயத்தை எழுதுவதற்காக, மதிப்பெண்ணெல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று பார்க்க, பீரோவிலிருந்து அந்த நகலை எடுத்தேன். கார்பன் வெளிறிவிட்டது. டேக் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். பின்பக்கம் மேலே தெரிந்தது.

பின்பக்கத்தில் அப்பாவின் பொடி எழுத்து. 'பீஸ் ஓகே. செட்டிங் மட்டும் பார்க்கவும்.' கீழே கையெழுத்து. தேதி, அந்தப் புதன்கிழமையுடையது.

கண் கலங்கிவிட்டது. வார்டில் எத்தனையோ பார்த்துவிட்டேன், கலங்கியதில்லை. டேக்கை எடுத்துக்கொண்டு ஓடி, அடுக்களையில் இருந்த அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கரண்டியை வைக்கக்கூட இல்லை. "அன்னிக்கே என்கிட்ட காட்டிட்டுத்தான் உள்ள வெச்சாரு" என்றார். பிறகு, ஆசிரியைக் குரலில், "தாளைத் திருப்பிப் பாரு, திருப்பிப் பாருன்னு உனக்கு ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.